குரல் விடச் சொல்லும் வரை

என் வீட்டுக்காரருக்குக் கோபம் வரும், வெளியே வராது. உள்ளேயே நாலு சுற்றுச் சுற்றிவிட்டு, கழுத்து வலியாகவோ தலைவலியாகவோ நெஞ்செரிச்சலாகவோ எங்காவது ஓரிடத்தில் குடியேறிவிடும். எனக்கு அந்தத் தொல்லை கிடையாது. எனக்கு வருகிற கோபம் வந்த வேகத்திலேயே வாய் வழியாகப் போய்விடும். அதனால் எங்கள் வீட்டில் மாத்திரை சாப்பிடுகிறவர் அவர், கெட்ட பெயர் வாங்குகிறவள் நான்.

அவருக்கு ஒரு வாஷிங் மெஷின் கம்பெனியில் புகார் கவுண்டரில் வேலை. மெஷின் கெட்டுப்போனவர்கள் மெஷினைத் தூக்கிக்கொண்டு வர முடியாதில்லையா, அதனால் கோபத்தை மட்டும் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஓர் அம்மாள் பாதி துவைத்த போர்வையையே கொண்டுவந்து கவுண்டர் மேல் பிழிந்துவிட்டுப் போனார். எது நடந்தாலும் இவர் சொல்லவேண்டிய வசனம் ஒன்றுதான்: "உங்க சிரமம் எங்களுக்குப் புரியுது." புரிகிறதோ இல்லையோ, நாள் முழுக்க அதைச் சொல்லிவிட்டு, சாயங்காலம் கழுத்தைத் திருப்ப முடியாமல் வீட்டுக்கு வருவார்.

அந்தக் கவுண்டருக்கு மேலே ஒரு மின்விசிறி உண்டு. ஓடாது. ஓட வையுங்கள் என்று ஊழியர்கள் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனார்கள். மேலதிகாரிகள் கூடி யோசித்து, புழுக்கம் கவுண்டரில் இல்லை, ஊழியர்களின் மனத்தில்தான் இருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். மின்விசிறிக்குப் பதிலாக ஒரு பயிற்சியாளரை வரவழைத்தார்கள்.

அந்தப் பயிற்சியாளரை நான் பார்த்ததில்லை. குரலை மட்டும் கேட்டிருக்கிறேன். வெண்ணெயில் முக்கி எடுத்த குரல். அவர் சொல்லிக்கொடுத்த வித்தை ஒன்றும் பெரிய மந்திரமில்லை. உடம்பில் ஒவ்வொரு தசையாக இறுக்கிப் பிடித்து, கொஞ்ச நேரம் வைத்திருந்து, அப்புறம் விட்டுவிட வேண்டும். முதலில் கை, அடுத்து தோள், முகம், வயிறு என்று கால் விரல் வரை. இறுக்கினால்தான் தளர்ச்சி எப்படியிருக்கும் என்று உடம்புக்கே தெரியுமாம். படுத்துக்கொண்டு நிதானமாகச் செய்யவேண்டியது. ஆனால் ஊழியர்கள் படுத்துவிட்டால் கவுண்டரை யார் பார்ப்பது? அதனால் கம்பெனி கேட்டுக்கொண்டபடி அவர் ஒரு சுருக்கப் பயிற்சி தயாரித்துக் கொடுத்தார். நின்ற இடத்திலேயே கண்ணை மூடி, எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து இறுக்கவேண்டியது. 'இப்போது விடுங்கள்' என்று குரல் சொன்னதும் ஒரேயடியாக விடவேண்டியது. இதையெல்லாம் மழைச் சத்தத்தோடு பதிவு செய்து எல்லாருடைய போனுக்கும் அனுப்பிவிட்டார். ஒரே ஒரு நிபந்தனை: குரல் சொல்லாமல் யாரும் தானாக விடக்கூடாது.

வேறு யார் அந்த நிபந்தனையை மதித்தார்களோ தெரியாது, என் வீட்டுக்காரர் மதித்தார். யாராவது உறுதியான குரலில் ஏதாவது சொல்லிவிட்டால் போதும், அதை மீறுவது அவர் ஜாதகத்திலேயே கிடையாது. கலியாணமான புதிதில் நான் அந்தக் குணத்தைப் பார்த்துத்தான் பூரித்துப்போனேன். அப்புறம்தான் தெரிந்தது, உறுதியான குரல் எனக்கு மட்டுமே சொந்தமில்லை என்பது.

மாடியில் அவருடைய அண்ணன் குடியிருந்தார். நான் அவரை எதிரில் மாமா என்பேன், பின்னால் பெரியவர் என்பேன், இன்னும் பின்னால் போனால் வேறு பெயர்களும் உண்டு. மாமனார் சாகும்போது மாடி பெரியவனுக்கு, கீழ்வீடு சின்னவனுக்கு என்று வாயால் பிரித்துக் கொடுத்துவிட்டுப் போனார். பெரியவர் அதில் முதல் பாதியை மட்டும் கேட்டிருக்கிறார். எங்கள் ஏணி மாடிக்குப் போயிற்று. குளிருக்கு வாங்கிய ஹீட்டர் போயிற்று. இவர் ஆசை ஆசையாக வாங்கிய சைக்கிள் அண்ணனின் தொந்தி கரைவதற்காகப் போனது. தொந்தி இருக்கிறது, சைக்கிளைக் காணோம். "தம்பி, அத எடு" என்பார் அவர். "இந்தாங்கண்ணா" என்பார் இவர். கொடுத்துவிட்டு உள்ளே வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து நிற்பார்.

பயிற்சி வந்த பிறகு அதுவும் போயிற்று. கொடுத்துவிட்டு வந்து காதில் இயர்போனை மாட்டிக்கொள்வார், கண்ணை மூடுவார், இறுக்குவார், விடுவார். முகம் நிலா மாதிரி ஆகிவிடும். "நல்லா லேசா இருக்கும்மா" என்பார். பொய் சொல்லக்கூடாது, தலைவலி நின்றது. ராத்திரி தூங்கினார். டாக்டர் மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் வயிறும் எரிந்தது. என்றைக்காவது ஒருநாள் இந்த மனிதர் பொங்கி எழுந்து அண்ணனை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்பார் என்று காத்திருந்தேனே, அந்த நாலு கேள்வியையும் தினம் சாயங்காலம் தளர்த்தித் தளர்த்தித் தரையில் விட்டுக்கொண்டிருந்தார். கம்பெனிக்கும் இது வசதியாகப் போயிற்று. தளர்ந்த ஊழியர் என்று பக்கத்துக் கவுண்டர் வேலையையும் இவர் தலையிலேயே கட்டினார்கள். மின்விசிறி அப்படியே இருந்தது.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டு முன்னறைதான் என் பட்டறை. நான் சோபா ரிப்பேர் செய்கிறவள். பழைய துணியைக் கிழித்து, ஸ்பிரிங்கைப் பார்த்து, பட்டையை இழுத்துக் கட்டி, புது ஃபோம் வைத்து, ரெக்சின் போட்டு, ஸ்டேப்ளர் கன்னால் சுற்றிலும் அடித்துக் கொடுப்பேன். தெருவைப் பார்த்த அந்த அறைக்கு இரட்டைக் கதவு. மூன்று பேர் உட்காருகிற சோபா அந்தக் கதவு வழியாக மட்டும்தான் வீட்டுக்குள் நுழையும். வேறு எந்தக் கதவிலும் ஒற்றை நாற்காலியைக்கூடச் சாய்த்துத்தான் எடுக்கவேண்டும். அந்த அறை இல்லாவிட்டால் எனக்குத் தொழில் இல்லை. இது எனக்குத் தெரியும், இவருக்குத் தெரியும், தெருவில் போகிற நாய்க்கும் தெரியும்.

அந்த அறைதான் பெரியவருக்கு வேண்டியிருந்தது. அவர் மசாஜ் நாற்காலிக்கு ஏஜென்சி எடுத்திருந்தார். உட்கார்ந்து பொத்தானை அமுக்கினால் நாற்காலியே முதுகைப் பிடித்துவிடுமாம், கவலை எல்லாம் பறந்துவிடுமாம். அதற்கு ஷோரூம் வேண்டும்.

"அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை லாரி வருது. நீ உன் சாமான எல்லாம் பின்கட்டு ரூமுக்கு மாத்திக்கோம்மா. பொம்பள உள்ள இருந்து வேலை செஞ்சா உனக்கும் நிம்மதி" என்றார்.

"பின்கட்டு ரூமுக்குள்ள சோபா எப்படி மாமா போகும்?"

"சின்ன சோபாவா வாங்கி ரிப்பேர் பண்ணேன்."

நான் வாயைத் திறப்பதற்குள், "தம்பிகிட்ட நான் பேசிக்கிறேன். ஞாயித்துக்கிழமை அளவெடுக்க வர்றேன்" என்று படியேறிவிட்டார். என் வாய்க்கு அந்த வீட்டில் மரியாதை கிடையாது. சத்தம் போடுகிறவள் என்று பெயர் வாங்கியதில் ஒரே ஒரு நஷ்டம் அதுதான். எவ்வளவு கத்தினாலும் மழை பெய்கிற மாதிரி நினைத்துக்கொள்வார்கள். சொல்லவேண்டியவர் அவர் தம்பி. தம்பியோ விஷயத்தைக் கேட்டதும் வெளுத்துப்போய், "பாக்கலாம்மா" என்று சொல்லிவிட்டு இயர்போனைத் தேடினார்.

நான் நம்பிக்கை இழந்து உட்கார்ந்திருந்தபோதுதான் அது நடந்தது.

சாயங்காலம் இவர் முன்னறையில், நான் பிரித்துப் போட்டிருந்த சோபாச் சட்டத்துக்குப் பக்கத்தில் நின்று, காதில் இயர்போனோடு பயிற்சி செய்துகொண்டிருந்தார். நான் மூலையில் ஒரு நாற்காலிக்குப் பட்டை அடித்துக்கொண்டிருந்தேன். பெரியவர் உள்ளே வந்தார்.

"டேய், அந்த ஸ்டேப்ளர் கன்ன எடு. பேனர் அடிக்கணும்."

பெரியவர் தம்பியை நிமிர்ந்து பார்த்தார். சரியாக இறுக்கிப் பிடிக்கிற கட்டம் அது. கை இரண்டும் முஷ்டியாக இருந்தன. தோள் காதுக்கு ஏறியிருந்தது. முகம் சிவந்து, தாடை புடைத்து, புருவம் இரண்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றன. பிறந்ததிலிருந்து தம்பியிடம் அப்படியொரு முகத்தை அவர் பார்த்ததில்லை. ஓரடி பின்னால் வைத்தார்.

"என்னடா... சும்மாதான்டா கேட்டேன். உனக்கு வேலை இருந்தா வேணாம்" என்று சொல்லிக்கொண்டே நழுவிவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் இவர் தளர்ந்து, கண்ணைத் திறந்து, நிலா முகத்தோடு என்னைப் பார்த்தார். "யாராவது வந்தாங்களா?"

"யாரும் வரலைங்க" என்றேன். ஸ்டேப்ளர் கன் என் கையிலேயே இருந்தது. பெரியவர் கேட்டும் ஒரு பொருள் கீழேயே தங்கியது அதுதான் முதல் தடவை.

அன்று ராத்திரி முழுக்க எனக்கு அதே நினைப்பு. இத்தனை வருஷம் இவருக்குக் கோபம் வரவேண்டும் வரவேண்டும் என்று ஏங்கினேனே, கோபமே வேண்டாம், அதன் வடிவம் இருந்தால் போதும்! வெண்ணெய்க்குரல்காரர் வித்தையில் முதல் பாதி பிரமாதம். இரண்டாம் பாதிதான் குடியைக் கெடுக்கிறது. இரண்டாம் பாதி வராமல் பார்த்துக்கொண்டால் ஆயிற்று.

மறுநாள் காலையிலேயே, "என்னங்க, இயர்போன் காதுக்குக் கெடுதலாம். இனிமே ஸ்பீக்கர்ல போட்டே கேளுங்க. போனை நான் பிடிச்சுக்கறேன்" என்றேன்.

"சரிம்மா" என்றார். எதற்குத்தான் சரி சொல்லவில்லை அவர்?

ஞாயிற்றுக்கிழமை வந்தது. இவரை முன்னறை நடுவில், கதவைப் பார்க்க நிற்க வைத்தேன். காது முழுக்க மாடிப்படியில் இருந்தது. பெரியவரின் செருப்பு அங்கே தட்டினால் தெருக்கோடிக்குக் கேட்கும். முதல் தட்டு கேட்டதும் போனை அமுக்கினேன். மழைச் சத்தத்தோடு குரல் வழிந்தது.

"கண்களை மூடுங்கள். கைகளை இறுக்குங்கள். தோள்களைக் காது வரை உயர்த்துங்கள். பற்கள்... நெற்றி... வயிறு... கால் விரல்கள்... எல்லாவற்றையும் அப்படியே பிடித்திருங்கள்..."

இவர் சொன்னபடி செய்தார். செருப்புச் சத்தம் வாசலுக்கு வந்தது. நான் பதிவை நிறுத்தினேன். மழை நின்றது.

பெரியவர் ஒரு கையில் அளவு நாடாவோடு நுழைந்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன தம்பி, அளவெடுக்க... டேய், ஏன்டா இப்படி நிக்கிற?"

தம்பி முஷ்டியோடு நின்றார்.

"உன் பொண்டாட்டி ஏதாவது சொன்னாளா? இங்க பாரு, ரூம் முழுக்க எனக்கு வேணாம். பாதி போதும். நடுவுல ஒரு திரை போட்டுக்கலாம்."

தம்பியின் நெற்றியில் நரம்பு ஒன்று எழுந்தது. நான் ஃபோம் வெட்டுகிற மாதிரி குனிந்துகொண்டேன். சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"சரி, பாதி கூட வேணாம். கதவோரம் ரெண்டு நாற்காலி. போர்டு மாட்ட ஒரு ஆணி."

தம்பியின் தாடை இன்னும் கொஞ்சம் புடைத்தது.

"சரிடா, ஒரே ஒரு நாற்காலி! அந்த மூலையில! அதுல நீயே கூட உக்காந்துக்கலாம்டா!"

ஒரு முழு அறை என் கண்ணெதிரே ஒரு நாற்காலியாகச் சுருங்கிவிட்டது. இத்தனைக்கும் தம்பி ஒரு வார்த்தை பேசவில்லை. பேரம் பேசுவதற்கு இப்படியொரு வழி இருக்கிறது என்று தெரிந்திருந்தால் நான் வாயைக் கொஞ்சம் மிச்சம் பிடித்திருப்பேன். இன்னும் கொஞ்சம் பொறுத்தால் அந்த மூலையும் மிஞ்சும். போன் என் கையில் இருந்தது. தவறி அமுக்கிவிடக்கூடாதென்று கட்டைவிரலை எடுத்துவிட்டேன்.

அப்போதுதான் இவருடைய கையைப் பார்த்தேன். முஷ்டி வெளுத்து, நடுங்கத் தொடங்கியிருந்தது. உதடு நிறம் மாறிக்கொண்டு வந்தது. கன்னத்தில் வேர்வை இறங்கிச் சட்டைக் காலருக்குள் போயிற்று. மாத்திரை சாப்பிடுகிற உடம்பு. எனக்குத் திக்கென்றது. ஆனாலும் கை உடனே அமுக்கவில்லை. ஒரு மூலைதானே பாக்கி என்று மனசு சொன்னது. அந்த மனசை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. இவர் மூக்கிலிருந்து ஒரு முனகல் வந்தது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. மூலையும் போகட்டும், அறையும் போகட்டும் என்று அமுக்கிவிட்டேன்.

மழை மறுபடி பெய்தது. "இப்போது விடுங்கள்" என்றது குரல்.

"யாரது?" என்று பெரியவர் திடுக்கிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தார்.

இவர் விட்டார். தோள் இறங்கிற்று, கை விரிந்தது, புருவம் பிரிந்தது, தாடை தொங்கிற்று. பெரியவர் அந்த உருமாற்றத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகத்தில் பழைய களை திரும்பி வந்தது.

"அட, எக்சர்சைஸா! நான் என்னமோன்னு பயந்துட்டேன் போ!" நாடாவின் நுனியை என் சோபாக் காலில் மாட்டினார். "வெள்ளிக்கிழமை காலையில ரூம் காலியா இருக்கணும். முழு ரூமும். சுவருக்குக்கூட வெள்ளை அடிச்சுடு தம்பி."

எல்லாம் போயிற்று. கத்துவதற்கு வாயைத் திறந்தேன்.

"முடியாது அண்ணா" என்றார் இவர்.

கண் இன்னும் மூடியேதான் இருந்தது. திறக்கலாம் என்று குரல் இன்னும் சொல்லவில்லை. தூக்கத்தில் பேசுகிறவர் மாதிரி நிதானமாகப் பேசினார்.

"என்னது?"

"இது அவ வேலை செய்ற இடம். குடுக்க முடியாது. அப்புறம், ஏணி ஒண்ணு உங்ககிட்ட இருக்கு. கொண்டுவந்து வெச்சிடுங்க."

"உங்கள் உடல் லேசாக இருக்கிறது" என்றது போன்.

பெரியவர் கத்தினார். அப்பா இருந்தால் இப்படிப் பேசுவாயா என்றார். தோளில் தூக்கி வளர்த்தேனே என்றார். பொண்டாட்டி பேச்சைக் கேட்டு ஆடுகிறாய் என்றார். கடைசியில் லாரிக்குச் சொல்லிவிட்டேன், நாலு பேருக்கு முன்னால் என் மானம் என்ன ஆவது என்று கிட்டத்தட்ட அழுதுவிட்டார். இவர் மூடிய கண்ணோடு அத்தனையையும் கேட்டுக்கொண்டார்.

"உங்க சிரமம் எனக்குப் புரியுது அண்ணா" என்றார்.

அவ்வளவுதான். அந்த வசனத்துக்கு எதிராகப் பேச யாருக்கும் எதுவும் கிடைக்காது. அவர்கள் கவுண்டரில் அதற்காகத்தான் அதை வைத்திருக்கிறார்கள். நாடா சோபாக் காலிலிருந்து விடுபட்டுச் சுருண்டது. செருப்புச் சத்தம் படியேறிப் போயிற்று.

கோபம் வந்தால்தான் முடியாது என்று சொல்ல முடியும் என்று இத்தனை வருஷமாக நினைத்திருந்தேன். இவருக்குள் இறுகிக் கிடந்தது பாதி கோபம், பாதி பயம். தினமும் அண்ணன் போன பிறகுதான் தளர்ந்தாரே தவிர, அண்ணன் எதிரில் இவர் ஒருநாளும் தளர்ந்து நின்றதில்லை. இன்று அவர் எதிரிலேயே விட்டதில் பயமும் சேர்ந்து போய்விட்டது. எனக்குப் பெருமையில் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

"மெல்லக் கண்களைத் திறக்கலாம்" என்றது குரல். திறந்தார். என்னைத்தான் பார்த்தார்.

"நடுவுல ஏம்மா நிறுத்தின?"

"எதங்க?"

"மழைச் சத்தம் நின்னுபோச்சே. எத்தனை தடவை கேட்ட பாட்டு அது, எந்த இடத்துல விடச் சொல்வாருன்னு எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா விட்டிருக்க வேண்டியதுதானே!"

"நீ நிறுத்தியிருக்க. நான் விடக்கூடாதுன்னு நீ நினைக்கிறன்னு புரிஞ்சுது. அதான் பிடிச்சுக்கிட்டே இருந்தேன்." வலித்த கையை உதறிக்கொண்டார். அண்ணனிடம் பேசிய அதே நிதானத்தில் சொன்னார்: "இனிமே அப்படிப் பண்ணாத. நான் சம்மதிக்கமாட்டேன்."

கலியாணமாகி முதல்முறையாக எனக்கு ஒரு 'மாட்டேன்'. பெரியவருக்குக் கிடைத்தபோது அமிர்தமாக இருந்தது, என் பக்கம் திரும்பியதும் சுருக்கென்றது. யாருக்காக இதெல்லாம் செய்தேன்? யார் அறையைக் காப்பாற்ற? என் அறையைத்தான் என்று ஞாபகம் வந்ததும் கோபம் இன்னும் ஏறியது. கேட்பதற்கு நாக்கில் நூறு கேள்வி நின்றது, ஒன்றுக்கும் நியாயம் என் பக்கம் இல்லை. நியாயம் இல்லாமல் கத்துவது எனக்குப் புதிதில்லை. ஆனால் அந்த வெளுத்த கையைப் பார்த்துக்கொண்டு கத்த வரவில்லை.

அவர் என் கையிலிருந்த போனை வாங்கி, பதிவை முதலிலிருந்து ஓடவிட்டு, சோபாச் சட்டத்தின் மேல் வைத்தார். பக்கத்திலேயே ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"முதல்ல கை" என்றார்.

நான் கண்ணை மூடிக் கையை இறுக்கினேன். குரல் விடச் சொன்னது. விட எனக்கு வெகுநேரம் ஆயிற்று.